கிளப் பாட்டு, ஆத்தா பாட்டு, ஒரே குரல்

ஆடி மாசம் எங்க ஊர் கட்டுமாவடியில அலாரம் வைக்கத் தேவையில்லை. விடியறதுக்கு முன்னாடியே மாரியம்மன் கோவில் குழாய் ஸ்பீக்கர் எழுப்பிவிட்டுடும். ஒரு பக்கம் மீன் மார்க்கெட்ல லோடு ஏத்துற சத்தம், இன்னொரு பக்கம் 'செல்லாத்தா'. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நான் தலையணையைக் காதுல அமுக்கிப்பேன். "உங்க ஊர்ல என்ன பாட்டு கேப்பீங்க?"ன்னு ஹாஸ்டல்ல யாராவது கேட்டா பேச்சை மாத்திடுவேன்.

போன லீவுல ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிச்சுக்கிட்டே யூடியூபை ஓடவிட்டிருந்தேன். தானா ஒரு பாட்டு வந்துச்சு, 'பட்டத்து ராணி'. 1969-ல வந்த 'சிவந்த மண்' படம், எம்.எஸ்.விஸ்வநாதன் இசை. எகிப்து ராணி மாதிரி வேஷத்துல காஞ்சனா, கையில சாட்டையோட சிவாஜி. செட்டு, டிரஸ்ஸு எல்லாமே ஓவர். முதல்ல சிரிச்சேன். ஆனா சாட்டை விழும்போது துடிக்கிற அந்தக் குரல், அடுத்த நொடியே தாளத்துக்குள்ள வந்து நிக்குது. டைப் பண்றதை நிறுத்திட்டேன். இந்தக் குரல் எனக்குத் தெரியுமே!

ஆமா, அதே ஆடி மாசக் குரல். எல்.ஆர்.ஈஸ்வரி.

அப்புறம் ரெண்டு நாள் ரிப்போர்ட் நகரவே இல்லை. அவங்க பேரு லூர்துமேரி ராஜேஸ்வரி, கத்தோலிக்கக் குடும்பம். சினிமாவுல ஏற்கனவே எம்.எஸ்.ராஜேஸ்வரி இருந்ததால இவங்க எல்.ஆர்.ஈஸ்வரி ஆனாங்க. கோரஸ்ல ஆரம்பிச்சவங்க. 1961-ல 'பாசமலர்' படத்துல பாடின 'வாராயென் தோழி' இன்னிக்கும் கல்யாண மண்டபங்கள்ல ஓடுது. ஆனா சினிமா அவங்களுக்குன்னு ஒரு பெட்டி செஞ்சு வச்சிருந்துச்சு. அடக்கமான கதாநாயகின்னா பெரும்பாலும் பி.சுசீலா, கிளப்ல ஆடுற பொண்ணுன்னா ஈஸ்வரி. 1972-ல 'வெள்ளி விழா' படத்துல 'காதோடுதான்' பாட்டை எவ்வளவு மென்மையா பாடியிருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க. அதுக்கப்புறமும் அந்தப் பெட்டி மாறலை.

சினிமா போட்ட அந்தப் பெட்டியை உடைச்சது அம்மன் பாட்டுதான். ரெக்கார்டு, அப்புறம் கேசட்டுன்னு ஊர் ஊரா போச்சு. என்னைக் கேட்டா நம்ம ஊரோட பாப் ஆல்பம் அதுதான். கிளப் பாட்டுல இருந்த அதே தெம்பு, அதே இழுப்பு, அதே வெட்டு. வாத்தியமும் வார்த்தையும்தான் வேற.

எங்க அப்பத்தா சின்ன வயசுல கருவாடு காயவைக்கும்போது 'எலந்த பயம்' பாடுவாங்களாம். 1968-ல வந்த 'பணமா பாசமா' பாட்டு. "குடும்பப் பொம்பளை பாடுற பாட்டா இது?"ன்னு தாத்தா திட்டுவாராம். அதே தாத்தா திருவிழாவுக்கு முதல் ஆளா வரி கொடுத்துட்டு, ஸ்பீக்கருக்குக் கீழ கைகூப்பி நிப்பாராம்.

"ரெண்டும் ஒரே ஆளுன்னு தாத்தாவுக்குத் தெரியாதா அப்பத்தா?"

"தெரியாம என்ன? நல்லாத் தெரியும்."

இதுதான் என்னைக் குடையுது. கிளப் பாட்டு பொண்ணுங்களைக் காட்சிப்பொருளா ஆக்குதுன்னு நீங்க சொல்லலாம். கேமரா அப்படித்தான் ஆக்குச்சு, மறுக்கலை. ஆனா எடுத்தவங்களும் டிக்கெட் வாங்கிப் பாத்தவங்களும் தப்பிச்சுட்டாங்க. பேரு கெட்டது ஆடினவங்களுக்கும் பாடினவங்களுக்கும்தான். வீட்டுல முணுமுணுத்த அப்பத்தாவுக்கும் கூடத் திட்டு விழுந்துச்சு. தாத்தாவைக் குறை சொல்லிட்டு நான் தப்பிக்கவும் முடியாது. அவர் கிளப் பாட்டைக் கேவலம்னார், நான் ஆத்தா பாட்டை 'க்ரிஞ்ச்'னு சொன்னேன். ரெண்டு பேரும் ஒரே குரலைத்தான் பாதி பாதியா ஒதுக்கியிருக்கோம்.

அந்தக் குரல் இதையெல்லாம் கண்டுக்கலை. 2011-ல 'ஒஸ்தி' படத்துல 'கலாசலா' பாடிச்சு. 2020-ல 'மூக்குத்தி அம்மன்' படத்துல 'ஆடி குத்து', எண்பது வயசுல!

நல்ல ஹெட்செட் போட்டு 'பட்டத்து ராணி'யும் 'செல்லாத்தா'வும் அடுத்தடுத்து கேளுங்க மக்களே. அப்புறம் வந்து சண்டை போடுங்க.

அடுத்த ஆடிக்கு நான் எந்த ஊர்ல வேலையில இருப்பேனோ, அங்க குழாய் ஸ்பீக்கர் இருக்குமோ என்னமோ. அதனால அப்பத்தாவைப் பாடச்சொல்லி போன்ல ரெக்கார்டு பண்ணிக்கிட்டேன். கூடத்துல, தாத்தா போட்டோவுக்கு நேர் எதிர்ல உக்காந்து பாடினாங்க. 'எலந்த பயம்', முழுப் பாட்டும்.