ஹனிமூன் போறவங்க சாப்பாட்டுக் கணக்கு

இயர் எண்டிங் ஆணியெல்லாம் ஒருவழியா புடுங்கி முடிச்சாச்சு. இனி கொஞ்சம் பேசலாம்.

போன வாரம் எங்க கிளையில (நாக்பூர்தான், இன்னும் டிரான்ஸ்ஃபர் வரல) வேலை பாக்கற மராத்திப் பையன் ஒருத்தன் எக்ஸெல் ஷீட்டோட வந்து நின்னான். அடுத்த மாசம் கல்யாணம். ஹனிமூனுக்கு மாலத்தீவு, நாலு ராத்திரி. "சார், பட்ஜெட் சரியா இருக்கான்னு பாருங்க." விமானம், ரூம், ஸ்பீட் போட் எல்லாம் பைசா சுத்தமா போட்டிருந்தான். சாப்பாட்டுக்கு மட்டும் கடைசியில ஒரே வரி: 'இதர செலவுகள் 15,000.'

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மாலத்தீவுல பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரே ரிசார்ட்தான். மதியம் பசிச்சா எதிர்க் கடையில வடா பாவ் வாங்கிக்கலாம்னு இறங்கி நடக்க முடியாது. எதிர்ல கடல்தான் இருக்கும். மீனையும் தேங்காயையும் விட்டா அநேகமா எல்லாச் சரக்கும் வெளிநாட்டுலேர்ந்து வரணும். அதுக்கேத்த விலை.

மெனுவுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு ப்ளஸ் குறி இருந்தா உஷாராகுங்க. ஒண்ணு 10% சர்வீஸ் சார்ஜ். இன்னொண்ணு சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலைலேர்ந்து 17%. அதையும் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்த தொகை மேல போடுவாங்க. பி.காம். மூளைக்குக் கணக்கு சுலபம்: 100 டாலர் சாப்பாடு 128.70 டாலர். கார்டு தேய்ச்சா பல கார்டுகள்ல 3.5% வரைக்கும் மார்க்கப், அந்த மார்க்கப்புக்கு நம்மூர் ஜிஎஸ்டி 18%. மெஷின் 'ரூபாயில எடுத்துக்கட்டுமா'ன்னு ஆசையா கேட்கும். டாலர்னே அமுக்குங்க. ரூபாய்னா அவங்க வைக்கறதுதான் ரேட்டு.

அதனால சாப்பாட்டையும் சேர்த்து இங்கேயே முன்கூட்டிக் கட்டிடுங்க. ஹாஃப் போர்டுன்னா காலையும் ராத்திரியும், ஃபுல் போர்டுன்னா மூணு வேளையும். தண்ணி பாட்டில், ஜூஸ் அதுல சேர்த்தியான்னு மெயில்ல எழுதிக் கேட்டுக்கங்க. அது கட்டுப்படியாகலைன்னா மாஃபுஷி மாதிரி ஜனங்க வாழற தீவுல கெஸ்ட் ஹவுஸ் எடுங்க. தெருவுல ஹோட்டல்கள் இருக்கும், விலை பார்த்துச் சாப்பிடலாம். (அங்கே சரக்கு கிடைக்காது, முன்னாடியே சொல்லிட்டேன்!)

இவ்வளவு அக்கறை எனக்கு ஏன்னு கேட்டீங்கன்னா, அதுக்கு 2009ஐ சொல்லணும்.

நாங்க போனது அந்தமான், ஹேவ்லாக் தீவு. இப்ப அதுக்கு ஸ்வராஜ் தீவுன்னு பேரு. சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 600 ரூபாய்னு பாக்கெட் டைரியில எழுதி வச்சிருந்தேன். முதல் நாள் ராத்திரி மெனுவைப் பிரிச்சதும் என் கண்ணு வலது பக்கத்து விலைக்குத்தான் போச்சு. "மீன் சாப்பிடறியா?"ன்னு வாய் கேட்டுச்சு. முகம் வேற சொல்லியிருக்கு போல. "எனக்குப் பசிக்கலைங்க, ஒரு சூப் போதும்"னாங்க தங்கமணி. மூணு நாளும் அதே பசிக்கலை, அதே சூப். ஊர் திரும்பி, 740 ரூபாய் மிச்சம் பிடிச்சேன்னு அம்மாகிட்ட பெருமை வேற.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கல்யாண வீட்டுல தங்கமணி சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. "மூணு நாளும் ராத்திரி பசியில தூக்கம் வரல. இவர் தூங்கினப்புறம், அம்மா கொடுத்து விட்ட முறுக்கைச் சத்தம் வராம கடிச்சுத் தின்னேன்." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா கல்யாணமான புதுசுல நாலஞ்சு வருஷம் அவங்க வாயைத் திறந்து எதுவுமே கேட்டதில்லைங்கறது அப்பதான் உறைச்சது. செருப்பு அறுந்தாக்கூட தச்சுப் போட்டுக்குவாங்க. சிக்கனமான பொண்ணுன்னு நினைச்சிருந்தேன். கேட்கக்கூடாதுன்னு அந்த மூணு நாள்ல நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன். அந்த 740 ரூபாய் இன்னிக்கு வரைக்கும் எனக்கு டேலி ஆகல.

என் கருத்து இதுதான். ஹனிமூன்ல ஒரு ராத்திரியைக் குறைங்க, ரூம் தரத்தைக் குறைங்க, சாப்பாட்டுல கை வைக்காதீங்க. எவ்வளவு இருக்குன்னு ரெண்டு பேரும் கிளம்பறதுக்கு முன்னாடியே உட்கார்ந்து பேசிடுங்க. தொகை தெரிஞ்ச பொண்ணு தைரியமா ஆர்டர் பண்ணும். தெரியாத பொண்ணு உங்க முகத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் பண்ணும்.

பையன்கிட்ட, "இந்த ஷீட்டை முதல்ல அந்தப் பொண்ணுக்கு அனுப்பு"ன்னேன். "கல்யாணத்துக்கு முன்னாடியே காசு பேசறதா சார்?"னு நெளிஞ்சான். "பின்னாடி பேசறது இன்னும் கஷ்டம்பா"ன்னேன்.

மறுநாள் ஷீட்டு திரும்பி வந்தது. நாலு ராத்திரி மூணாகி, ஃபுல் போர்டு ஆகியிருந்தது. கடைசியில அந்தப் பொண்ணே சேர்த்த ஒரு வரி: 'ஐஸ்கிரீம், தனியாக.'

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு தங்கமணி ஒரே ஒரு திருத்தம் சொன்னாங்க. அது முறுக்கு இல்லையாம், தட்டையாம்.