ரோட்டைக் காப்பது கருப்பராயனா, கண்டிராக்டா?



ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் நம் கொங்கு நாட்டில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கின்றன. ஒன்று, ரோடு குழியாகிறது. மற்றொன்று, மலையடிவாரத்தில் தேங்காய் உடைகிறது. பண்ணாரியில் சூடம் கொளுத்திவிட்டுத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிற லாரிக்காரர் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தால் அது சாமியின் கிருபை. வழியில் மண் சரிந்தால் அது தலைவிதி! பக்க வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டவன் யார் என்று மாத்திரம் எவரும் கேட்பதில்லை.

2009-ஆம் வருஷம் நவம்பரில் நீலகிரியில் மலை சரிந்து 40 பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கே சாமிகளுக்கு என்ன பஞ்சமா?

பனி கொட்டும் தேசங்களைப் பாருங்கள். பின்லாந்திலும் ஜெர்மனியிலும், குளிர்காலத்தில் வயல் வேலையில்லாத விவசாயிகள் பலர் தங்கள் டிராக்டரைக் கொண்டு கூலிக்கு ரோட்டுப் பனியைத் தள்ளுகிறார்கள். வீட்டு வாசல் நடைபாதையிலுள்ள பனியை வீட்டுக்காரனே தள்ள வேண்டுமென்று பல நகரங்களில் சட்டமே இருக்கிறது. எது சர்க்கார் வேலை, எது தனி மனிதன் வேலை என்பது முன்னதாகவே எழுத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

இது சீமைக்கு மட்டும் ஆகிற காரியம் என்று எண்ண வேண்டாம். நம் பொள்ளாச்சிக் கோட்டத்தில்தான், மாநிலத்திலேயே முதன்முதலாக, நெடுஞ்சாலைத் துறையார் ஏறக்குறைய 375 கிலோமீட்டர் சாலையை 5 வருஷப் பராமரிப்புக்கென ஒரே கண்டிராக்டில் விட்டார்கள். அடைத்த குழியை எண்ணிக் கூலி கொடுப்பது பழைய முறை. அதில் குழி பெருகப் பெருகக் கண்டிராக்டருக்கு வரும்படி. இந்த முறையிலோ ரோடு குறித்த தரத்தில் இருந்தால் பணம். குறித்த கெடுவுக்குள் குழியை அடைக்காவிட்டால் பிடித்தம். ஆகவே மழைக்கு முன்பே வாய்க்காலைத் தோண்டி வைப்பது அவருக்கே லாபமாகிவிடுகிறது.

இதனால் கண்டிராக்டரைப் புண்ணியவானென்று நாம் சொல்ல வரவில்லை. அவர் லாபத்துக்கு வந்தவர். அளந்து பார்க்கிற அதிகாரி கண்ணை மூடிக்கொண்டால், எந்த ஒப்பந்தமும் கோவில் சுவரில் எழுதிய சுலோகத்துக்குச் சமானந்தான். யாருக்கும் புரியாது, யாருக்கும் பிரயோஜனப்படாது. ஒப்பந்தத்தில் கண்டதை ரோட்டோரத்திலேயே பலகையில் தமிழில் எழுதி நிறுத்தட்டும். ஜனங்களே அளந்து கொள்ளுவார்கள்.

நிற்க, இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. நெடுஞ்சாலைக்குக் கண்டிராக்டர் உண்டு. ஊராட்சி ரோட்டுக்கு, அதிலும் ஊர்க்கோடியில் ஆதிதிராவிடர் காலனிக்குப் போகிற ரோட்டுக்கு யார் உண்டு? எல்லோருடைய வரிப்பணமும் ஒரே பெட்டியில்தான் விழுகிறது. ஆனால் தேர் ஓடும் வீதிக்கு முதல் தார். காலனிக்குக் கார்த்திகை முடிந்தும் சேறு. அந்தக் காலனிக்காரரைத்தான் மேல்தெருச் சாக்கடையில் அடைப்பெடுக்கக் கூப்பிடுகிறார்கள்! 1924-இல் வைக்கத்தில் பெரியார் சிறை சென்றது, கோவிலைச் சுற்றியுள்ள பொதுரோட்டில் எல்லோரும் நடக்க வேண்டுமென்பதற்காக. நடக்க உரிமை வந்தும், நடக்க ரோடு இல்லையென்றால் அதற்குப் பெயர் என்ன?

நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் கிராம சபை கூடுகிறது. மழைக்காலத்துக்கு மத்தியில் வருகிற நாள். தேங்காய்க்கு வைத்த காசை மிச்சம் பிடித்து அங்கே போங்கள். "எங்கள் ரோட்டுக்குப் பொறுப்பாளி யார்? எழுத்தில் காட்டு" என்று கேளுங்கள். கருப்பராயன் பதில் சொல்ல மாட்டான். தலைவர் சொல்லித்தான் ஆகவேண்டும்.