கறுப்பு ஸ்லைடும் வெள்ளை வேப்பமரமும்

ஊர் விட்டு ஊர் மாறும்போதெல்லாம் கூடவே வர்ற பழைய பெட்டியில ஸ்லைடு ஃபிலிம் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க மக்களே. சுருளின் கடைசியில படம் எடுக்காம விட்டு, அப்படியே கழுவின கன்னங்கரேல் துண்டு இருக்கே, அதுதான் நமக்கு வேணும். காசு கொடுத்து இன்ஃப்ராரெட் ஃபில்டர் வாங்கறதுக்கு முன்னாடி இதை வெச்சுப் பாருங்க என்பது என் கட்சி.

ஸ்லைடு ஃபிலிமில் வெளிச்சம் படாத இடம் கழுவினதும் கறுப்பாகும். (கலர் நெகட்டிவில் தலைகீழ்.) அந்தக் கறுப்பு மூணு சாயங்களால் ஆனது. கண்ணுக்குத் தெரியற ஒளியை அது தடுத்துடும். சுமார் 800 நானோமீட்டருக்கு அப்பால் உள்ள அகச்சிவப்பை விட்டுடும். கேமராவின் சிலிக்கான் சென்சாருக்கு ஏறக்குறைய 1100 வரை தெரியும். ஆனா நிறம் கெடாம இருக்க, சென்சாருக்கு முன்னால ஒரு தடுப்பு வெச்சிருப்பாங்க. அது எவ்வளவு கறார்னு தெரியணுமா? டி.வி. ரிமோட்டை லென்ஸ் பக்கம் காட்டி அமுக்குங்க. திரையில் புள்ளி பளிச்னு தெரிஞ்சா வேலை ஆகும்.

துண்டை லென்ஸ் மேல வெச்சு, ஓரத்துல கறுப்பு டேப் ஒட்டி, ஸ்டாண்டுல நிறுத்தி, நல்ல வெயில்ல சில விநாடி எக்ஸ்போஷர் கொடுங்க. செக்கச்செவேல்னு வர்ற படத்தைக் கறுப்பு வெள்ளையா மாத்தினா, வேப்பமரம் வெளுத்து நிக்கும், நீல வானம் இருண்டு கிடக்கும். கண்ணாடி ஃபில்டர் அளவுக்குத் துல்லியம் வராதுதான். ஆனா பள்ளிக்கூடத்துல இன்ஃப்ராரெட்னு மட்டுமே கேட்ட பிள்ளைக்கு, வீட்டுல அகச்சிவப்புன்னு தமிழ்ல சொல்லிக் காட்ட இதைவிட நல்ல பாடம் ஏது?

கூடவே இன்னொரு பாடமும் சொல்லியே ஆகணும். கிரகணம் வந்தா பழைய ஃபிலிமைத் தேடறது நம்ம வீட்டுப் பழக்கம். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம் கோவை, திண்டுக்கல்லில் தெரிஞ்சது. 2027 ஆகஸ்ட் 2 அன்னிக்கு இந்தியாவின் பல பகுதிகளில் பகுதி கிரகணம் தெரியும். கேமராவுக்கு உதவற அதே குணம்தான் அன்னிக்கு ஆபத்து. கண் கூசாது, ஆனா அகச்சிவப்பு உள்ளே போய் விழித்திரையைச் சுடும். விழித்திரைக்கு வலியும் தெரியாது. ஐ.எஸ்.ஓ. 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி வாங்குங்க. ஃபில்டரில் மிச்சம் பிடிச்ச காசை இதுல போடலாம், தப்பே இல்லை.

ஊர்ல இருக்கிற தாத்தா பாட்டிகிட்டயும் போன்ல சொல்லி வைங்க. பேரப்பிள்ளை கையில ஃபிலிமை எடுத்துக் கொடுக்கறது பெரும்பாலும் அவங்கதான்.