தரங்கம்பாடிக்கு ரெயில் எப்போது?

தஞ்சைச் சீமையின் கடற்கரையில் இருக்கிறது, தரங்கம்பாடி. 'தரங்கம்' என்றால் அலை. அலை பாடும் ஊர்!

கடலோரத்தில் பெரிய கோட்டை நிற்பதால், டென்மார்க் நாட்டார்தான் இந்த ஊரை உண்டாக்கினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அவர்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே, குலசேகர பாண்டியன் காலத்தில், இங்கே மாசிலாமணிநாதர் கோவில் எழும்பிவிட்டது. அப்போது ஊரின் பெயர் சடங்கன்பாடி.

1620-ல் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர், டென்மார்க் வியாபாரிகள் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தார். சும்மா அல்ல, ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டும் என்று பேசித்தான் கொடுத்தார். மன்னர் ஏமாளி அல்ல!

1706-ல் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் வந்து இறங்கினார். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? ஒரு தமிழ் வாத்தியாரை அழைத்து, தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னார். குழந்தைகளோடு குழந்தையாகத் தரையில் உட்கார்ந்தார். மணலில் விரலால் எழுதிப் படித்தார். வெட்கப்படவில்லை. அவர்தான் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715-ல் இதே ஊரில் அச்சிட்டு முடித்தார்.

1845-ல் டென்மார்க் அரசு ஊரை ஆங்கிலேயருக்கு விற்றது. வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்து விலை 12½ லட்சம் ரூபாய்! 1850-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்த தன் கோட்டைகளையும் விற்றது. அவற்றில் ஒன்று அக்ராவில் இருந்தது. அங்கே மனிதர்களையே அடிமைகளாக வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். இன்று அக்ரா, கானா நாட்டின் தலைநகர்.

தரங்கம்பாடியோ தூங்கிவிட்டது. காரணம்? ரெயில்!

1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரெயில் வந்தது. வியாபாரம் அங்கே போய்விட்டது. ஒருவழியாக 1926-ல் மாயவரத்தில் இருந்து தரங்கம்பாடிக்கும் ரெயில் ஓடியது. 60 ஆண்டுகள் ஓடி, 1986-ல் அதுவும் நின்றது.

பழைய கோவிலின் முன்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. 2004-ல் சுனாமி வந்து பல உயிர்களைக் கொண்டு போனது. டென்மார்க்காரர் கோட்டை மட்டும் பழுது பார்க்கப்பட்டு, பளிச்சென்று நிற்கிறது. நல்லதுதான். ஆனால் கோட்டையைப் பார்க்க வருகிறவர் மாலையில் திரும்பிவிடுவார். ஊரிலேயே இருப்பவர்கள் கதி என்ன?

மாயவரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். மீன் கூடையோடு போகும் பெண்களும், பொறையாறு கல்லூரிக்கு வரும் பிள்ளைகளும் பஸ்சையே நம்பியிருக்கிறார்கள். ரெயில்வே இலாகா அந்தப் பாதையை மறுபடி போட்டுத் தரவேண்டும்.