கணினி வகுப்பில் கைப்பேசி: பள்ளிக் கல்வி இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

பதினோராம் வகுப்பில் சி++ மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியையும் தமிழ்வழி மாணவரும் தம் மொழியிலேயே கற்கும்படி நம் பாடத்திட்டம் அமைந்திருப்பதைப் பெரும் பாக்கியமாகவே கருதுகிறேன். ஆயினும், ஆய்வகத்தில் இயங்கும் கணினிகள் மாணவர் தொகைக்குப் போதாத பள்ளிகளில், நிரலை ரெக்கார்டு நோட்டில் அழகுற எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்ட பிள்ளை, செய்முறைத் தேர்வு நெருங்கும் காலத்தில்தான் அதை இயக்கிப் பார்க்கும் சந்தர்ப்பம் பெறுகிறான் என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இது சிறு குறையன்று. பைத்தானில் ஒரு வரியின் முன்னே விடும் இடைவெளிதான் அந்தக் கட்டளை எதற்குள் அடங்கியது என்பதைத் தீர்மானிக்கிறது. பத்து எண்களைக் கூட்டும் நிரலில், கூட்டுத்தொகையை அச்சிடும் வரி சுழற்சிக்கு உள்ளே நின்றால் பத்து விடைகள் வரும். வெளியே நின்றால் ஒரே விடை வரும். நோட்டில் சற்றே தள்ளி எழுதிய வரி உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்பது திருத்தும் ஆசிரியர் கண்ணுக்கே சில வேளை புலப்படாது. இயக்கிப் பார்த்த மாணவனோ, திரையில் பத்து விடைகளைக் கண்டு திகைத்து, அந்த வரியை நகர்த்தி, மறுபடி இயக்கி, ஒரே விடை வந்த கணத்தில் சுழற்சி என்னும் தத்துவத்தையே கிரகித்துக்கொள்கிறான்.

இந்த அனுபவத்தைத் தரும் சாதனம் ஏழைக் குடும்பங்கள் பலவற்றிலும் இன்று இருக்கிறது. பைடிராய்டு 3 போன்ற செயலியை ஒருமுறை இறக்கிக்கொண்டால், பிறகு இணையமின்றியே கைப்பேசியில் பைத்தான் நிரல்கள் இயங்கும். சிறிய விசைப்பலகையில் நீண்ட நிரல் எழுதுவது பிரயாசைதான். அதை நான் கேட்கவுமில்லை. ஐந்தாறு வரி நிரலைக் கொடுத்து, விடையை முன்கூட்டி ஊகிக்கச் செய்து, பின் இயக்கச் சொல்லலாம். நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸ், பட்ரீஷியா ஹேடன் என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட முறையொன்று, சரியான நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து அவற்றை ஒழுங்குபடுத்தச் சொல்வது. விரலால் வரிகளை நகர்த்தும் தொடுதிரைக்கு அது வெகு பொருத்தமானது.

பள்ளிக்குள் மாணவர் கைப்பேசி கொண்டுவரலாகாது என்னும் விதியின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. கவனச்சிதறல் உண்மை, அதனினும் கொடிய துஷ்பிரயோகங்களும் உண்மை. ஆனால் 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்த்தது இதே சாதனந்தானே!

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார். மாலையில் அது அண்ணன் கைக்குப் போகிறது. கணினி அறிவியல் படிக்கும் தங்கைக்கு அது கிட்டுவதேயில்லை. ஆகவே பெற்றோரை வாங்கித் தரச் சொல்லும் எந்த ஏற்பாடும் அந்தப் பெண்ணுக்கு அநீதியாகவே முடியும். இருவருக்கு ஒன்றாகச் சில கையடக்கக் கணினிகளைப் பள்ளியே வைத்திருந்து, கணினி அறிவியல் பாடவேளையில் மட்டும், இணையத் தொடர்பைத் துண்டித்து, ஆசிரியர் கையால் வழங்கி, மணி அடித்ததும் திரும்பப் பெற்றுப் பூட்டிவைக்க ஓர் ஆணை பிறப்பிக்குமாறு விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

எல்லாப் பள்ளிகளிலும் உடனே வேண்டுமென்பதில்லை. வரும் ஜூனில் ஒரே ஒரு மாவட்டத்தில் தொடங்கினாலும் போதும். ஆண்டிறுதியில் அந்த மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்கு அமரும்போது, புறத்தேர்வாளர்களின் அபிப்பிராயத்தைத் தாங்களே நேரில் கேட்டறியலாம்.

இங்ஙனம்,
அரசு மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியர் ஒருவர்