எது இடது?

“அண்ணே, இடது! இடது!” என்று கத்தினேன். சுக்கான் கட்டையைப் பிடித்திருந்தவர் அசையவில்லை. “எந்த இடது சார்? என் இடதா, படகோட இடதா, இந்தக் கட்டையோட இடதா?” என்று நிதானமாகக் கேட்டார். நான் யோசித்து முடிப்பதற்குள் படகின் மூக்கு நாணலுக்குள் செருகிக்கொண்டது. நல்ல வேளை, அது ஏரி. சிரித்துக்கொண்டே வெளியே தள்ளிக்கொண்டு வந்தோம்.

அவர் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் கடை நடத்துபவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. நான் நடமாட்டப் பயிற்சி கொடுப்பவன். வெள்ளைக்கோலை வீசக் கற்றுக்கொடுத்து, ரயில் மேடையின் விளிம்பைத் தேடக் கற்றுக்கொடுத்து, ‘மூன்று மணிப் பக்கம் பொரியல், ஒன்பது மணிப் பக்கம் அப்பளம்’ என்று சாப்பாட்டுத் தட்டை விவரித்துப் பழகிய வாய் என்னுடையது. படகில் ஏறியதும் அந்த வாய்க்கு ஒரு சொல்கூட உருப்படியாகக் கிடைக்கவில்லை. இந்த இதழின் வாசகர்கள் பெரும்பாலும் என் தொழில்காரர்கள் என்பதால், அந்த வெட்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன்.

சின்னப் பாய்மரப் படகில் சுக்கான் பிடிப்பவர் முன்னால் பார்த்து உட்காருவதில்லை. ஓரத்தில், படகுக்குக் குறுக்காகப் பார்த்து உட்காருகிறார். வலது விளிம்பில் இருந்தால் அவருடைய வலக்கைப் பக்கம் படகின் முன்புறம், இடக்கைப் பக்கம் பின்புறம். படகைத் திருப்பி எதிர்விளிம்புக்கு மாறினால் எல்லாம் தலைகீழ். போதாக்குறைக்குச் சுக்கான் கட்டையை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். ஆக, நான் கத்திய ‘இடது’ என்ற ஒரு சொல்லுக்கு அந்த நேரத்தில் மூன்று பொருள். கடிகார முறையும் அங்கே கைகொடுக்காது. பன்னிரண்டு மணி என்பது அவர் முகத்துக்கு நேரா, படகின் மூக்குக்கு நேரா?

பிறகு இரண்டே சொற்களுக்கு வந்து சேர்ந்தோம்: ‘தள்ளு’, ‘இழு’. சுக்கான் பிடிப்பவர் வழக்கமாகக் காற்று வரும் பக்கத்து விளிம்பில்தான் உட்காருவார். அங்கிருந்து கட்டையைத் தள்ளினால் படகு காற்றை நோக்கி ஏறும், இழுத்தால் காற்றை விட்டு விலகும். எந்த விளிம்புக்கு மாறினாலும் இது மாறாது. முக்கியமான சங்கதி இதுதான்: காற்று எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கே தெரியும். இடது, வலது என்பவை என் கண்ணிலிருந்து போகும் சொற்கள். தள்ளு, இழு என்பவை அவர் கன்னத்தில் படும் காற்றோடு ஒட்டியவை.

அவர் காற்றைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். தலையை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி, “இப்ப ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி இரையுது” என்றார். மூக்கு நீட்டியிருந்த திசைதான் காற்றின் திசை. பாய்மரம் ஓட்டும் எல்லோருக்கும் இந்த வித்தையைச் சொல்லித் தருவார்கள். பார்வையுள்ளவர்கள் பாய்மர உச்சியில் இருக்கும் சின்னக் கொடியை நிமிர்ந்து பார்த்துவிட்டு வித்தையை மறந்துவிடுவார்கள். இதேபோல, காற்றுக்கு மிக அருகே ஏறிவிட்டால் பாயின் முன்னோரம் படபடக்கும். வேகம் குறைந்தால் படகுக்கு அடியில் நீரின் சலசலப்பு மாறும். படகு சாய்வதை உட்கார்ந்திருக்கும் இடுப்பு சொல்லும். காற்று கூடினால் சுக்கான் கட்டை கையில் கனக்கும். பாய்க்கயிற்றில் மூன்று இடத்தில் நூல் சுற்றி வைத்தோம். எவ்வளவு இழுத்திருக்கிறது என்று விரலே எண்ணிக்கொண்டது. விரலால் பிழைப்பு நடத்துகிறவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இத்தனை செய்தியும் ஒலியாகவும் தொடுதலாகவும் வந்துகொண்டிருக்க, நான் என்ன செய்தேன்? பேசிக்கொண்டே இருந்தேன். நம் தொழிலின் நோய் இது. பயிற்சியாளர் வாய் மூடினால் பயிற்சி நின்றுவிட்டதாக நினைக்கிறோம். படகில் பாயின் படபடப்பை என் குரல் மூடிவிடுகிறது. “சார், கொஞ்சம் சும்மா இருங்க, பாய் என்ன சொல்லுதுன்னு கேக்கணும்” என்று அவர் சொன்னபோதுதான் உறைத்தது.

உலகத்தில் இதற்கு விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். பார்வையற்றோருக்கான முதல் உலகப் பாய்மரப் போட்டி 1992-இல் நியூசிலாந்தில் நடந்தது. அந்தப் பந்தயங்களில் படகுக்கு நான்கு பேர். சுக்கானும் பெரிய பாயும் பார்வையற்ற இருவர் கையில். பார்வையுள்ள இருவரில் ஒருவர் முன்பாயைக் கவனிப்பார், மற்றவர் வாயால் மட்டும் வழி சொல்வார். சுக்கானில் அவர் கை படக்கூடாது. இத்தாலியின் கார்தா ஏரியில் ஹோமெருஸ் என்ற அமைப்பு இன்னும் ஒரு படி தாண்டியது. அங்கே படகில் பார்வையுள்ளவரே இல்லை. திருப்பு முனை மிதவைகளில் ஒலிப்பான்கள், படகுகளிலும் ஒலிப்பான்கள். எதிரே வரும் படகு எந்தப் பக்கக் காற்றில் ஓடுகிறது என்பதை அதன் ஒலியை வைத்தே அறிந்து ஒதுங்குகிறார்கள்.

மிட்சுஹிரோ இவாமோட்டோவின் கதை உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். பதின்ம வயதில் பார்வையிழந்த ஜப்பானியர். 2013-இல் பசிபிக் கடலைக் கடக்கப் புறப்பட்டுத் திமிங்கிலம் மோதிப் படகை இழந்து மீட்கப்பட்டவர். 2019 பிப்ரவரியில் சான் டியாகோவிலிருந்து 12 மீட்டர் படகில் மறுபடி கிளம்பி, எங்கும் நிற்காமல் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர் ஓடி, ஏப்ரலில் ஃபுகுஷிமா கரையில் இறங்கினார். இப்படிப்பட்ட சாகசக் கதைகள் மேல் எனக்கு ஒரு சலிப்பு உண்டு. படித்தவுடன் கைதட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். எனக்குச் சுவையாக இருப்பது அவரோடு போன டக் ஸ்மித். கண் தெரிந்தவர், ஆனால் பாய்மரம் ஓட்டத் தெரியாதவர். காற்றின் நிலை, எதிரே தென்படும் ஆபத்து, இவற்றைச் சொல்வதுதான் அவர் வேலை. ஓட்டத் தெரியாததாலேயே அவர் கை சுக்கானுக்கு அதிகம் போயிருக்காது என்று நினைக்கிறேன். நம்மில் எத்தனை பேர் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவோம்?

இனி நம் ஊருக்கு வருவோம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் சாலைக்கு ஜாலான் தெபிங் என்று பெயர். தெபிங் என்றால் மலாயில் ஆற்றங்கரை. அந்தக் கரையை ஒட்டி ஓடும் கிள்ளான் ஆறு, கிள்ளான் துறைமுகத்தருகே கடலில் கலக்கிறது. கே.எல். சென்ட்ரலில் கோமுட்டர் ரயில் ஏறினால் வண்டி மாறாமல் அதே துறைமுகத்தில் இறங்கலாம். 1969-இல் தொடங்கிய அரச சிலாங்கூர் படகு மன்றம் அங்கேதான் இருக்கிறது. 1990-இல் ஆரம்பித்த ராஜா மூடா பன்னாட்டுப் பாய்மரப் போட்டியும் அந்தக் கடலிலிருந்து கிளம்பித்தான் பங்கோர், பினாங்கு வழியாக லங்காவிக்குப் போகிறது. பிரிக்பீல்ட்ஸ் பயிற்சியாளர்களுக்கு ரயில் தெரியும், பயண அட்டை தெரியும், படிக்கட்டு தெரியும். சிக்கல் ஜெட்டியில் தொடங்குகிறது.

கிள்ளான் கரையில் பெரிய ஓத நாள்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். மிதவைத் துறையும் அதோடு ஏறி இறங்கும். காலையில் ஏறக்குறைய சமதளமாக இருந்த சாய்பாலம், ஓதம் வற்றிய பிறகு செங்குத்தான சறுக்கு. நாம் கற்றுக்கொடுக்கும் பாதை மனப்பாடம் என்பது தரை அசையாது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. இத்தனை அடி, பிறகு திருப்பம், பிறகு கைப்பிடி. இங்கே அடிக்கணக்கு அப்படியே இருக்கும், சரிவு மட்டும் மணிக்கு மணி மாறும். கோல் நுனியில் அதை வாசிக்கத் தனியாகப் பழக வேண்டும். ஒரே சாய்பாலத்தில் ஓதம் ஏறும்போது ஒருமுறை, வற்றும்போது ஒருமுறை நடக்க வைப்பதே முதல் பாடம். படகு இரண்டாவது பாடம்தான். நீரோட்டமும் அங்கே வலுவானது. ஆகவே புத்ராஜெயா ஏரி போன்ற ஓதமில்லாத நீரில் தொடங்கிவிட்டுப் பிறகு கிள்ளானுக்குப் போவதே என் யோசனை. நேரம், காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலில் சுமத்ராப் பக்கமிருந்து திடீர்ச் சூறை வரும். மாலையில் இடி மழை.

படகு கவிழ்ந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். நீருக்குள் மூழ்கிய காதுக்கு ஒலியின் திசை பிடிபடாது. தலை மேலே வந்த பிறகும் அலைக்குக் கீழே இருப்பவருக்குப் படகிலிருந்து வரும் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்கும். மீட்புப் படகில் இருப்பவர் அவர் பெயரைச் சொல்லி இடைவிடாமல் கூப்பிட வேண்டும். அருகில் வந்ததும் இயந்திரத்தை அணைக்க வேண்டும். முதல் கவிழ்ப்புப் பயிற்சி நீச்சல் குளத்தில், உயிர்காப்புச் சட்டையும் விசிலும் மாட்டிக்கொண்டு. இங்கே மட்டும் பயிற்சியாளர் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

சுக்கான் கட்டைக் குழப்பமே வேண்டாம் என்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் ஹான்சா படகு இருக்கிறது. அதில் முன்னால் பார்த்துத் தாழ உட்காரலாம். நடுவில் ஒரு கைப்பிடி. வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம் போகும். அடியில் கனமான பலகை இருப்பதால் எளிதில் கவிழாது. புதியவருக்கு அருமையான படகு. ஆனால் படகோட்டி ஆக வேண்டும் என்பவரை அதிலேயே உட்கார வைத்துவிடக் கூடாது என்பது என் கட்சி.

அந்த ஏரிக்குப் போவதற்கு முன் ஒரு மன்றத்தில் விண்ணப்பப் படிவம் கொடுத்தார்கள். பெயர், ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை எண், கடைசியில் ‘பாதுகாவலர் கையெழுத்து’. எங்கள் மசாஜ்காரருக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். “யாரைப் போடச் சொல்றீங்க, மூத்தவனையா?” என்று கேட்டார். முகப்பில் இருந்த பிள்ளை விழித்தது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுத் திருப்பிக் கொடுத்தோம், படிவமும் திரும்பி வந்தது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 32-ஆம் பிரிவு பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் சமவாய்ப்பைப் பேசுகிறது. மீறினால் தண்டனை என்று சட்டத்தில் எதுவும் இல்லை. எனவே படிவத்தை மாற்ற வேண்டுமானால் நாம்தான் போய் நிற்க வேண்டும்.

மன்றங்களைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட முடியாது. 1953-இல் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோருக்கான கர்னி பயிற்சி நிலையம் தொடங்கிய காலத்திலிருந்து நம் துறைக்குப் பிழைப்புதான் அளவுகோல்: கூடை முடைதல், தொலைபேசி இணைப்பகம், சுருக்கெழுத்து, பிறகு மசாஜ். அது தேவையாக இருந்தது, இன்றும் தேவை. ஆனால் பார்வையிழப்பு பறிக்கும் இருபது இழப்புகளை 1961-இல் நூலாக எழுதிய தாமஸ் கேரல் பாதிரியார், பொழுதுபோக்கின் இழப்பையும் அந்த இருபதில் ஒன்றாக வைத்தார். தன் மறுவாழ்வு நிலையத்தில் வாள்வீச்சைப் பாடமாக வைத்தவர் அவர். இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் பாஸ்டன் அருகிலுள்ள நிலையம் பல பத்தாண்டுகளாகப் பார்வையற்றோருக்குப் பாய்மரம் கற்றுத் தருகிறது. நாம் ஆண்டுக்கு ஒருமுறை படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டி, ஆரஞ்சு சாறு கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். அது உல்லாசப் பயணம். அதற்கு நடமாட்டப் பயிற்சியாளர் தேவையில்லை.

பாராலிம்பிக்கில் 2000 முதல் 2016 வரை பாய்மரம் இருந்தது, டோக்கியோவில் எடுத்துவிட்டார்கள். பதக்கத்தைக் காட்டி நிதி கேட்பது இனிக் கடினம். இருக்கட்டும். ஒரு படகு, ஒரு மீட்புப் படகு, நூல் சுற்றிய கயிறு, வாயை அடக்கத் தெரிந்த ஒருவர்: தொடங்க இவ்வளவு போதும். கூடவே ஒரு சொற்பட்டியல். தமிழிலும் மலாயிலும் படகில் சொல்லத்தக்க சொற்களை ஒரு நோட்டில் சேர்த்துவருகிறோம். ஒரு மூச்சில் சொல்ல முடிய வேண்டும், காற்றில் வேறொரு சொல்லாகக் கேட்கக் கூடாது, ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். வாசகர்கள் எழுதி அனுப்பினால் சேர்த்துக்கொள்வோம். இதுவரை பதினொரு சொற்கள் தேறியிருக்கின்றன. ‘இடது’ அதில் இல்லை.