கருவிச் சண்டையும் கருத்து மௌனமும்

மைக் ஓல்ட்பீல்ட் 1994இல் வெளியிட்ட 'தூரத்துப் பூமியின் பாடல்கள்' என்னும் இசைத்தட்டைப் பற்றி அவருடைய இரசிகர்கள் இன்றும் ஓயாது வாதிடுகின்றனர். 1973இல் 'டியூபுலர் பெல்ஸ்' தந்த கலைஞன் கிற்றாரைப் பின்தள்ளி மின்னியற் கருவிகளுக்கு அடிமையானான் என்பது ஒரு சாராரின் புலம்பல். கண்மூடிக் கிடக்க இதனினும் இதமான இசை உண்டோ என்பது மறு சாராரின் பரவசம். இரண்டுமே செவியளவில் நின்றுவிட்ட விமர்சனங்கள்.

இத்தட்டுக்கு மூலம், கொழும்பிலே நெடுங்காலம் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் 1986இல் வெளியிட்ட நாவல். அதிலே சூரியன் வெடித்துப் பூமி அழிகிறது. தலாசா என்னும் கிரகத்திலே புதிய மனித சமுதாயம் தழைக்கிறது. அச்சமுதாயத்துக்கென அனுப்பிய நூற்செல்வத்திலிருந்து வேதமும் விவிலியமும் திரிபிடகமும் குர்ஆனும் விலக்கப்பட்டன. மதப்பகையின் நஞ்சு புதுமண்ணிற் பரவலாகாது என்பதே காரணம். ஓல்ட்பீல்ட் செய்தது என்ன? 1968இல் சந்திரனைச் சுற்றிய அப்பலோ 8 வீரர் வாசித்த ஆதியாகமப் பகுதியையே தட்டின் வாயிலில் வைத்தார்!

நாவலாசிரியர் விலக்கியதை இசையாளர் ஏன் மீட்டார்? மனிதன் தன் பழைய நினைவுகளைத் துறக்க இயலாது என்கிறாரா? அன்றி, ஒலியின் கம்பீரத்துக்காகச் சேர்த்தாரா? முன்னையதாயின் அது எதிர்வாதம். பின்னையதாயின் வெறும் அலங்காரம். கிளார்க்கே முன்னுரை எழுதி வாழ்த்தினார் என்பதால் இக்கேள்வி தீர்ந்துவிடாது.

இதைக் கேளாமல் கருவிகளை எண்ணிக்கொண்டிருப்பது இரசனையாகாது. பூமியின் சாவைத் தாலாட்டாக நுகர்வோர் கலைஞனைச் சிறுமைப்படுத்துகின்றனர், தம்மையும் சிறுமைப்படுத்திக்கொள்கின்றனர்.